காய்ச்சலை மறைக்காதீர்கள், ஊசியைப் பாதியில் விடாதீர்கள்

(நல்லூர்த் திருவிழாவுக்கு மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்திருந்த குடும்பத்தினர் மத்தியில், மார்பகப் புற்றுநோயை எதிர்கொண்ட நல்லூர்ப் பெண்கள் மூவர் சேர்ந்து ஆற்றிய பேச்சு. பேசிய நடையிலேயே இங்கு தரப்படுகிறது.)



ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து, விடியற்காலையில் குளித்து முழுகி, கந்தனைக் கும்பிட்டுவிட்டு வந்து இருக்கிறீர்கள். களைத்துப் போயிருப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். சாப்பாடு வருமுன் கொஞ்ச நேரம் எங்களோடு இருங்கோ. நாங்கள் சொல்லப்போகும் விஷயம் கேட்கச் சந்தோஷமானது அல்ல. ஆனால் கேட்டு வைத்தால் ஒரு நாளைக்கு ஓர் உயிருக்கு உதவும்.

நாங்கள் டொக்டர்மார் அல்ல. இந்த ஊர்ப் பெண்கள். எங்களில் இரண்டு பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, ஒப்பரேஷன் செய்து, ஊசி மருந்தும் ஏற்றினார்கள். மூன்றாவது ஆள் தன் தங்கச்சிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததையும், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இங்கே சொல்கிறோம்.

இலங்கையில் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். 2019ஆம் ஆண்டில் மட்டும் நாலாயிரத்துக்கும் அதிகமான பெண்களுக்குப் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நல்லூரில் வருகிறது, நுவரெலியாவிலும் வருகிறது. கடற்கரைக்காரிக்கும் வருகிறது, கொழுந்தெடுக்கிறவளுக்கும் வருகிறது. ஆம்பிளைகளுக்குக்கூட அருமையாக வருவதுண்டு. இது யாருடைய பாவமும் அல்ல, செய்வினையும் அல்ல. வேளைக்குக் கண்டு, முழுச் சிகிச்சையும் எடுத்தால் பலர் சுகமாகிறார்கள்.

"முழுச் சிகிச்சை" என்று சொன்னோமே, அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

பாதியில் நின்றவர்

தோட்டத்திலிருந்து வந்து வடக்கில் குடியேறிய ஒரு குடும்பம். அந்த அம்மாவும் எங்களில் ஒருவரும் ஒரே காலத்தில் கிளினிக்குக்குப் போனவர்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்து ஊசி ஏற்றிக்கொண்டார்கள். நல்ல பெலமான மனுசி. முதல் ஊசிக்குப் பிறகு மூன்று நாள் சத்தி. இரண்டாவது ஊசிக்குப் பிறகு தலைமயிர் முழுக்கக் கொட்டிவிட்டது. வாய் புண்ணாகிச் சோறு இறங்கவில்லை. "இந்த நோய் என்னைக் கொல்லுமோ தெரியாது, இந்த மருந்து கொன்னுப்புடும்" என்று சொன்னார். மூன்றாவது ஊசிக்கு வரவில்லை.

சத்தி எடுக்குது என்று அவர் நேர்ஸிடம் சொல்லவில்லை. வாய்ப்புண்ணையும் காட்டவில்லை. கேட்டால், "அவங்களுக்கு ஆயிரம் வேலை, நம்ம ஏன் தொந்தரவு பண்ணணும்" என்றார். எட்டு மாதம் கழித்து முதுகு வலி என்று வந்தபோது நோய் எலும்புக்குப் போயிருந்தது.

அவரை நாங்கள் குறை சொல்லவில்லை. மலையில் காலில் முள் குத்தினாலும் நிற்காமல் கொழுந்தெடுத்துப் பழகியவர். நின்றால் அரைப்பேர்தானே விழும். வலியைச் சொல்லாமல் இருப்பதுதான் கெட்டித்தனம் என்று எங்களைப் பெண்களாக வளர்த்திருக்கிறார்கள். ஆனால் இந்தச் சிகிச்சையில் அது ஆபத்து. அந்தச் சத்திக்கு மாற்று மருந்து இருந்தது. அந்த வாய்ப்புண்ணுக்கும் இருந்தது. சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது?

புற்றுநோய்க் கலங்கள் வேகமாகப் பெருகுகிறவை. இந்த ஊசி மருந்து வேகமாகப் பெருகுகிற கலங்களைத் தேடி அடிக்கிறது. ஆனால் எங்கள் உடம்பிலே வேறு நல்ல கலங்களும் வேகமாகப் பெருகுகின்றன. மயிர் வேர், வாயின் உட்தோல், குடலின் உட்பக்கம், இரத்தம் உண்டாகிற எலும்பு மச்சை. மருந்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. களை பிடுங்கும்போது நல்ல கன்றும் கொஞ்சம் ஆடுகிற மாதிரி. அதனால்தான் மயிர் கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, வயிறு குழம்புகிறது, இரத்தம் குறைகிறது. நல்ல கலங்கள் திரும்ப வளரும். அதற்குத்தான் ஊசிக்கும் ஊசிக்கும் இடையில் நாள் விடுகிறார்கள். அனேகமாக 21 நாள். சில மருந்து கிழமைக்கு ஒருமுறை.

ஒரு மருந்து சிவப்பு நிறம். அதை ஏற்றிய பிறகு ஒன்றிரண்டு நாளைக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போகும். இரத்தம் போகுது என்று எங்களில் ஒருவர் கத்தி அழுததுண்டு. அது மருந்தின் நிறம்தான். ஆனால் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே ஊசி குத்திய இடம் எரிந்தால், வீங்கினால், அந்த நிமிஷமே நேர்ஸைக் கூப்பிடுங்கோ. "முடியட்டும், பிறகு சொல்லுவம்" என்று இருக்க வேண்டாம்.

காய்ச்சல்: விடியும்வரை காத்திருக்கக் கூடாதது

இன்று நாங்கள் சொல்வதில் ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் இருக்கும் என்றால், இது இருக்கட்டும்.

ஊசி ஏற்றி ஏழாம் நாள் தொடக்கம் பதினாலாம் நாள் மட்டும், கிருமியோடு சண்டை பிடிக்கிற வெள்ளை இரத்தக் கலங்கள் மிகவும் குறைந்து போகும். அந்த நாட்களில் சின்னக் கிருமியும் பெரிய ஆளாகிவிடும். அதற்கு அடையாளம் காய்ச்சல். சிலவேளை காய்ச்சல் இல்லாமல் வெறும் குளிரும் நடுக்கமும் வரும்.

எங்களில் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். மூன்றாவது ஊசி ஏற்றிப் பதினோராம் நாள். மறுநாள் நல்லூரானுக்குத் தேர். வீடு முழுக்க உறவுக்காரர். இரவு எட்டு மணிக்கு உடம்பு காய்ந்தது. சொன்னால் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிவரும், தேர் பார்க்க வந்தவர்களின் சந்தோஷம் கெடும் என்று நினைத்து, இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். காய்ச்சல் இறங்கியது. விடியப்புறம் நாலு மணிக்கு நடுங்கத் தொடங்கியது. மகள் வந்து எழுப்ப, ஆளுக்கு அறிவில்லை. அன்று தேர் வீதி சுற்றியது. அவர் ஆஸ்பத்திரியில் ஒட்சிசனோடு கிடந்தார். பிழைத்தது பெரிய காரியம். "பனடோல் காய்ச்சலை மறைத்தது, நீங்கள் மற்றவர்களிடம் மறைத்தீர்கள், இரண்டும் சேர்ந்துதான் இந்தப் பாடு" என்று டொக்டர் பிறகு சொன்னார்.

ஆகவே, ஊசி ஏற்றுகிற ஆள் இருக்கிற வீட்டில் ஒரு தேமாமீட்டர் இருக்க வேண்டும். பாமசியில் வாங்கலாம். லயத்தில் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கினாலும் சரி. 38 பாகை செல்சியஸ், பழைய கணக்கில் 100.4 பாகை பரனைற், அதற்கு மேலே போனால் நடு இரவானாலும் ஆஸ்பத்திரி. பனடோல் போட்டுப் பார்ப்பம் என்ற பேச்சே வேண்டாம். அஸ்பிரினும் வேண்டாம். போய்ச் சேர்ந்தவுடன் முதல் வார்த்தையாக, "நான் புற்றுநோய்க்கு ஊசி ஏற்றுகிறவள், இன்றைக்கு இத்தனையாம் நாள்" என்று சொல்லுங்கோ. கிளினிக் கொப்பியையும் காட்டுங்கோ. இல்லாவிட்டால் சாதாரண காய்ச்சல்காரரோடு வரிசையில் இருத்திவிடுவார்கள். உங்களுக்குத் தேவை உடனடியாக நரம்பில் ஏற்றுகிற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து.

உங்கள் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் ஊசி ஏற்றிய அன்றைக்கே வீட்டுக்காரர் இரண்டு காரியம் செய்து வைக்க வேண்டும். இரவில் வாகனம் யாரிடம் கேட்பது என்று முன்கூட்டியே பேசி வைப்பது ஒன்று. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும் என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைப்பது மற்றது. அம்புலன்ஸ் லயத்து வாசல்வரை வர முடியாவிட்டால், எந்தச் சந்தியில் வந்து நிற்பது என்றும் யோசித்து வையுங்கோ.

அந்த நாட்களில் சனக்கூட்டத்துக்குப் போக வேண்டாம். நல்லூர்க்காரராகிய நாங்களே சொல்கிறோம்: வெள்ளைக்கலம் குறைந்த கிழமையில் தேர்முட்டிக்கு வராதீர்கள். எங்கள் கோவிலில் இருபத்தைந்து நாள் திருவிழா. ஊசி ஏற்றுகிற நாளைக் கணக்குப் பார்த்தால், கூட்டம் குறைந்த ஒரு காலைப் பூசைக்கு வந்து போகலாம். முருகன் கோபிக்க மாட்டான். வீட்டிலே தடிமன், இருமல்காரரிடமிருந்து கொஞ்சம் விலகி இருங்கோ. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கோ. பீலித்தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெரிந்தாலும் கொதிக்க வையுங்கோ.

சத்தியும் சாப்பாடும்

சத்தியை நிற்பாட்டுகிற குளிசை தருவார்கள். சத்தி வந்த பிறகு போடுவம் என்று அதைச் சுருக்குப் பையில் வைத்திருக்க வேண்டாம். சொன்ன நேரத்துக்கு, சத்தி வருமுன்னே போட வேண்டும். வந்த பிறகு போட்டால் குளிசையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அந்தக் குளிசை சரிவராவிட்டால் அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கோ, வேறு தருவார்கள்.

ஒரேயடியாகச் சோற்றைக் குவித்துச் சாப்பிடாமல், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கோ. கஞ்சி, காய்ந்த பாண், ரொட்டித் துண்டு, அவித்த கிழங்கு. சூடான கறியின் வாசம் வயிற்றைப் பிரட்டும். ஆறின சாப்பாடு நல்லது. ஆனால் காலையில் ஆக்கிப் பின்னேரம் மட்டும் திறந்து கிடந்த சோறு கூடாது. இஞ்சி போட்ட தேத்தண்ணி எங்கள் எல்லாருக்கும் உதவியது. தாளிக்கிற நேரத்தில் நோயாளியை வெளித் திண்ணையில் இருத்துங்கோ. காம்பராவுக்குள்ளே அடுப்புப் புகையும் எண்ணெய் வாசமும் சேர்ந்தால் யாருக்குத்தான் சத்தி வராது?

ஒரு நாள் முழுக்கத் தண்ணீரும் தங்காமல் சத்தி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிற்றோட்டம் என்றால் ஜீவனி கரைத்துக் குடியுங்கோ. நாளைக்கு நாலு தடவைக்கு மேலே வழமையைவிட அதிகமாகப் போனால் அதுவும் ஆஸ்பத்திரிதான். சிலருக்கு மாறாக மலச்சிக்கல் வரும். சத்திக் குளிசையாலும் வரலாம். தண்ணீர், நன்றாகக் கழுவித் தோல் சீவிய பப்பாசி, கீரை, கொஞ்ச நடை.

வாய்ப்புண்ணுக்கு எங்களுக்குச் சொல்லித் தந்த சுலபமான வைத்தியம்: ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்கப் போகும்போதும் கொப்பளித்துத் துப்புங்கோ. பல்லுக்கு மெத்தென்ற பிரஷ். உறைப்பும் புளியும் குறையுங்கோ.

அடுத்ததைச் சொன்னால் கோபிக்க வேண்டாம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. மலையில் குளிருக்கும் களைப்புக்கும் அது துணை என்று தெரியும். ஆனால் புண்ணான வாயில் சுண்ணாம்பும் பாக்கும் போவது வெட்டுக்காயத்தில் மிளகாய்த்தூள் போடுகிற மாதிரி. வெற்றிலை போடுவதே வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு வழி என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தச் சாட்டில் அதை விட்டுவிடுங்கோ.

தலைமயிர்

முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று கிழமையில் மயிர் கொட்டத் தொடங்கும். தலையணையில் கொத்தாகக் கிடக்கும். புருவமும் போகலாம். மார்பை எடுத்தபோது அழாத எங்களில் ஒருவர், தலைமயிர் போனபோதுதான் அழுதார். பெண் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆம்பிளைகளும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் செய்தது இது. கொட்டத் தொடங்கியதும் காத்திருக்காமல், வீட்டில் மகளையே கொண்டு கட்டையாக வெட்டுவித்துவிட்டோம். மற்றவர் பழநிக்கு முடி இறக்கினமாதிரி நினைத்து மொட்டை போட்டார். நேர்த்திக்கு மொட்டை போட்டால் கும்பிடுகிற ஊர், நோய்க்கு மொட்டை போட்டால் ஏன் குனிந்து பார்க்க வேண்டும்? பருத்திச் சீலைத் துண்டால் தலையைக் கட்டுங்கோ. மலைக் குளிருக்கு கம்பளித் தொப்பி நல்லது. எண்ணெய் மாற்றியதாலோ கண்ணூறாலோ கொட்டவில்லை. கடைசி ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் திரும்ப முளைக்கத் தொடங்கும். எங்களில் ஒருவருக்குச் சுருளாக முளைத்தது. பேரப்பிள்ளைகள் அதைப் பிடித்து இழுத்து விளையாடினார்கள்.

களைப்பு, இரத்தக்குறைவு, தேத்தண்ணி

இந்தக் களைப்பு நித்திரை கொண்டாலும் போகாத களைப்பு. சோம்பல் என்று மாமியார் சொல்லக்கூடாது, புருசனும் சொல்லக்கூடாது. படுத்தே கிடந்தாலும் கூடும். காலையும் பின்னேரமும் லயத்து முற்றத்தில் கொஞ்சம் நடந்தால் குறையும்.

எங்கள் பெண்கள் பலருக்கு நோய் வருமுன்னே இரத்தம் குறைவு. மருந்து அதை இன்னும் குறைக்கும். முட்டை, மீன், நெத்தலி, பருப்பு, முருங்கைக்கீரை எது கிடைக்குதோ அது. தேயிலை வளர்க்கிற உங்களிடம் ஒன்று சொல்லத்தான் வேண்டும்: சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், சாப்பாட்டிலிருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கோ. சாப்பாட்டோடு ஒரு துண்டு எலுமிச்சம்புளி, வாய் புண் இல்லாவிட்டால், நல்லது.

இரத்தத்தை உறைய வைக்கிற கலங்களும் குறையலாம். முரசால் இரத்தம் வந்தால், மூக்கால் வந்தால், தோலில் சிவப்புப் பொட்டுகள் தெரிந்தால் உடனே காட்டுங்கோ. மழைக்காலத்தில் மலையில் அட்டை கடித்தால் சாதாரணமாகவே இரத்தம் நிற்க நேரமெடுக்கும். அந்தக் கிழமைகளில் அட்டையுள்ள மலைக்குப் போகவே கூடாது.

விரலும் கையும்

இது உங்களுக்கென்றே சொல்வது. சில மருந்துகள் விரல் நுனியையும் பாதத்தையும் மரக்கப் பண்ணும். ஊசி குத்துகிற மாதிரி, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். நகமும் கறுக்கும். எங்களில் ஒருவருக்குச் சட்டையின் பொத்தான் பூட்ட முடியாமல் போனது. உங்களுக்கு விரல்தானே சோறு போடுகிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுகிற விரல் மரத்துப் போனால் என்ன ஆவது என்ற பயத்தாலேயே சிலர் சொல்லாமல் விடுகிறார்கள். சொன்னால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள், அல்லது மாற்றுவார்கள். சொல்லாமல் விட்டால்தான் மரப்பு நீண்ட காலம் நின்றுவிடும்.

மரத்த கைக்குச் சூடு தெரியாது. எங்கள் கோவிலில் பெண்கள் கற்பூரச்சட்டி எடுப்பார்கள், சுடுமணலில் வீதி சுற்றுவார்கள். எங்கள் தங்கச்சி ஒருத்தி சிகிச்சைக்கு நடுவில் சட்டி எடுத்தாள். கை வெந்தது வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. நேர்த்தியைச் சுகம் வந்த பிறகு செலுத்துங்கோ. வீட்டிலும் சுடுதண்ணீரை மற்றவர் தொட்டுப் பார்க்கட்டும். வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

கமக்கட்டில் நெறிகளையும் எடுத்திருந்தால், அந்தப் பக்கத்துக் கை வீங்கக்கூடும். தேயிலைச் செடியின் கீறல், கவ்வாத்துக் கத்தி, பூச்சிக்கடி எல்லாம் அந்தக் கைக்கு ஆகாது. கீறினால் சவர்க்காரம் போட்டுக் கழுவி மூடுங்கோ. சிவந்து சூடானால் காட்டுங்கோ. சொல்லித் தருகிற கைப்பயிற்சியை விடாமல் செய்யுங்கோ.

வீட்டாருக்குச் சில வார்த்தை

புற்றுநோய் தொற்றாது. ஒரே கோப்பையில் குடித்தாலும், பக்கத்தில் படுத்தாலும், பிள்ளையைக் கட்டிப் பிடித்தாலும் வராது. தனித் தட்டு, தனி மூலை என்று ஒதுக்குவது நோயைவிடக் கொடுமை. மருந்துதான் இரண்டு நாளைக்குச் சிறுநீரிலும் மலத்திலும் சத்தியிலும் கொஞ்சம் வெளியேறும். அந்த நாட்களில் மலசலகூடத்துக்கு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கோ. அழுக்கான துணியை கையுறை போட்டு, இல்லாவிட்டால் பொலித்தீன் பையைக் கையில் கட்டிக்கொண்டு, வேறாகத் துவையுங்கோ. அவ்வளவுதான்.

மாதச் சுகவீனம் நின்று போகலாம். நின்றாலும் பிள்ளை தங்கக்கூடும். சிகிச்சை நடக்கும்போது பிள்ளை தங்கக்கூடாது. பால் கொடுக்கவும் கூடாது. ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவருக்குக் குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசியும் ஏற்றவை அல்ல. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் டொக்டரிடம் சொல்லி வேறு வழி கேளுங்கோ. வெட்கப்படுகிற இடம் இதல்ல.

அன்னமுன்னா இலைக் கசாயம், மஞ்சள் உருண்டை, யாரோ கொண்டு வந்த வேர் எல்லாம் வரும். அன்பாகத்தான் தருவார்கள். சில சரக்குகள் ஊசி மருந்தோடு சேர்ந்து ஈரலைக் கெடுக்கும், சில மருந்தின் வேலையைக் குழப்பும். டொக்டரிடம் காட்டாமல் குடிக்காதீர்கள். திருநீறு பூசுங்கோ, நூல் கட்டுங்கோ, கும்பிடுங்கோ. ஊசித் தேதியைத் தவறவிடாதீர்கள்.

தூரமும் கூலியும்

"எல்லாம் சரி, தூரத்துக்கும் நாட்கூலிக்கும் என்ன செய்வது?" என்று உங்கள் மனதில் கேள்வி இருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசில்லை. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் விட்டுப்போன பேருக்கும்தான் செலவு. அந்தச் செலவே ஒரு குடும்பத்தைச் சாய்த்துவிடும்.

எங்களுக்கும் தூரம் என்றால் தெரியும். யுத்த காலத்தில் ஏ9 பாதை மூடிக் கிடந்தபோது, மகரகமைக்குப் போவது ஒரு யுகம் போவது மாதிரி. போக முடியாமலே முடிந்துபோன தாய்மார் இந்த ஊரில் எத்தனை பேர். பிறகு 2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை மட்டும் 27 நாள் நடந்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று சேர்ந்து நடந்து காசு சேர்த்தார்கள். அந்தக் காசில் தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழும்பி 2013இல் திறந்தார்கள். நல்லூரிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றர். தூரம் குறைந்தபோது இடையில் நிற்கிறவர்களும் குறைந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். உங்கள் பக்கத்தில் கண்டியிலும் பதுளையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. மகரகமைக்கே போக வேண்டும் என்று நினைத்து நாளைக் கடத்தாமல், மீதி ஊசியைக் கிட்டடியில் ஏற்றலாமா என்று டொக்டரிடம் கேளுங்கோ.

கிளினிக் போன ஒவ்வொரு நாளுக்கும் வைத்தியச் சான்றிதழ் கேட்டு எடுங்கோ. தோட்டத்து ஒபீசில் கொடுத்து இலகு வேலை கேளுங்கோ. மருந்தடிக்கிற மலைக்கும் உரம் போடுகிற வேலைக்கும் போக வேண்டாம். தனியாகக் கேட்கப் பயமென்றால் சங்கத் தலைவரையும் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரையும் கூட்டிப் போங்கோ. கிராம சேவையாளரிடமும், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் உதவிப்பணம் பற்றி விசாரியுங்கோ. லயத்துக்காரருக்கு ஒரு வேண்டுகோள்: ஊசிக்குப் போகிற நாளில் அவளுடைய பிள்ளைகளுக்கு ஒரு நேரச் சோறு கொடுத்தால், அதுவும் மருந்துதான்.

கடைசியாக

முப்பத்தைந்து வயது கடந்த எல்லாரும் பெண்கள் சுகாதாரக் கிளினிக்குக்கு ஒருமுறை போங்கோ. மருத்துவமாதுவிடம் கேட்டால் நாள் சொல்லுவார். மாதத்துக்கு ஒருமுறை நீங்களே மார்பைத் தடவிப் பாருங்கோ. கட்டி, தோல் சுருக்கம், முலைக்காம்பு உள்ளே இழுபடுதல், இரத்தக் கசிவு ஏதும் கண்டால் வலிக்கும் மட்டும் காத்திருக்காதீர்கள். அனேகமாக முதலில் வலிக்காது.

ஊசி ஏற்றுகிறவர்கள் ஒரு கொப்பி வைத்திருங்கோ. இன்றைக்கு எத்தனையாம் நாள், காய்ச்சல் எவ்வளவு, சத்தி எத்தனை தரம், வாய் எப்படி, விரல் எப்படி. எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதட்டும். கிளினிக்கில் டொக்டர் முன்னால் இருக்கிற அந்த ஐந்து நிமிஷத்தில் எல்லாம் மறந்து போகும், வாய் "சுகம்தான் டொக்டர்" என்று சொல்லிவிடும். கொப்பி மறக்காது.

பக்கத்து நாற்காலியில் இருந்த அந்த அம்மாவை நாங்கள் கடைசியாகப் பார்த்தபோது, "அன்னைக்கு அந்த மிஸ்ஸிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்று உங்கள் முன்னால் வந்து நிற்கிறோம். உங்கள் தோட்டத்தில் யாராவது ஊசி ஏற்றிக்கொண்டிருந்தால், ஊருக்குப் போனதும் அவர் வீட்டுக்கு ஒருக்கால் போங்கோ. காய்ச்சலைப் பற்றிச் சொல்லுங்கோ. அடுத்த ஊசி எப்போது என்று கேளுங்கோ. முடிந்தால் கூடப் போங்கோ.

சாப்பாடு வந்துவிட்டது.  போய் வாங்கோ, சுகமாக இருங்கோ.